கொழும்பில் பஸ்ஸிலும் ரயிலிலும் தனியாகப் போய்வருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று எங்கிருந்து கொழும்புக்கு வந்தாலும் வேலை பெரும்பாலும் ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், தூதரகம் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வந்து இறங்கியதும் முதலில் கேட்பது, "எத்தனையாம் நம்பர் பஸ்?" அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, எந்தச் சந்தியில் இறங்க வேண்டும். இரண்டாவது, அந்தச் சந்தி எந்த வீதியில் இருக்கிறது. நம்பர் அதற்குப் பிறகு. கடைசியாக, வீதியின் எந்தப் பக்கத்தில் நிற்பது. புதிதாக வருபவர்கள் தடுமாறுவதைப் பார்த்தால், அநேகமாக இந்த வரிசை மாறிப்போனதுதான் காரணமாக இருக்கும்.

1. வீட்டை விட்டு வெளிக்கிட முன்

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். 20, 50, 100 ரூபாய்த் தாள்கள் சட்டைப் பையிலோ கைப்பையின் வெளி அறையிலோ தனியாக இருக்கட்டும். காலையில் முதல் ஓட்டத்தில் வரும் நடத்துனரிடம் 5000 ரூபாயை நீட்டினால் அவரிடம் மாற்றிக் கொடுக்கக் காசு இருக்காது. நெரிசலுக்குள் பெரிய தாளை எடுத்துக் காட்டுவதும் நல்லதல்ல. முந்தின நாளே ஒரு கடையில் மாற்றி வையுங்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அரச கந்தோர்கள் பூட்டு, பஸ்ஸும் குறைவு. ஊரிலிருந்து இரவு பஸ் எடுத்து வந்து, விடிந்த பிறகு அன்று போயா என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளும் ஒரு லொட்ஜ் செலவும் வீண்.

போய்ச் சேரும் இடத்தின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஃபோனில் இருந்தால் போதாதா என்றால், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபோனைத் திறந்து காட்டுவது நெரிசலில் நடக்காது. மடித்த தாள் உடனே கைக்கு வரும்.

2. விலாசத்தைச் சந்தியாக மாற்றுங்கள்

நடத்துனருக்கு உங்கள் ஒழுங்கையின் பெயர் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சந்தியும் ஹோல்ட்டும் (பஸ் தரிப்பிடமும்). ஆகவே கையில் இருக்கும் விலாசத்துக்குக் கிட்டிய பெரிய சந்தி எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

விலாசத்தில் "கொழும்பு 06", "கொழும்பு 13" என்று இருக்கும். அது தபால் வலயத்தின் எண், பஸ் நம்பர் அல்ல. ஆனால் பகுதியைச் சொல்லிவிடும். 01 கோட்டை, 02 கொம்பனித்தெரு, 03 கொள்ளுப்பிட்டி, 04 பம்பலப்பிட்டி, 06 வெள்ளவத்தை, 07 கறுவாத்தோட்டம், 08 பொரளை, 10 மருதானை, 11 புறக்கோட்டை, 12 புதுக்கடை, 13 கொட்டாஞ்சேனை, 15 மட்டக்குளிப் பக்கம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கூகுள் மேப் காட்டுவது வீதியின் புதிய பெயர், சனங்கள் சொல்வது பழைய பெயர். ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள், டுப்ளிகேஷன் ரோட் என்றால் உடனே கை காட்டுவார்கள். பௌத்தாலோக மாவத்தைக்குப் புல்லர்ஸ் ரோட், தர்மபால மாவத்தைக்கு டறட் ரோட். இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டிடத்தின் பெயரிலும் கவனம் தேவை. பாஸ்போர்ட்டுக்குப் போகும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில் சுஹுருபாயவில் இருக்கிறது. அதே பத்தரமுல்லையில் செத்சிறிபாயவும் உண்டு, பெலவத்தைப் பக்கத்தில் கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவும் உண்டு. "ஏதோ பாயவுக்குப் போக வேண்டும்" என்று கேட்டால் யாரோ ஒருவர் வேறொரு பாயவுக்கு வழி சொல்லிவிடுவார். முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

பெரியாஸ்பத்திரி, அதாவது தேசிய வைத்தியசாலை என்றால், எந்த வாசலுக்கு வரச் சொன்னார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். வளாகம் பெரியது, வாசல்கள் பல. சிலவற்றுக்கு மருதானைப் பக்கமாகப் போவது கிட்ட, சிலவற்றுக்குக் கண்ணாஸ்பத்திரிச் சந்தியில் இறங்குவது கிட்ட. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வெயிலில் மதிலைச் சுற்றி நடக்கும்போதுதான் அந்தத் தூரம் தெரியும்.

3. வீதியைப் பிடியுங்கள், நம்பர் தானாக வரும்

கொழும்பின் பஸ் வழிகளில் பெரும்பகுதி புறக்கோட்டை, கோட்டைப் பக்கத்திலிருந்து விரல்கள் போல விரிகிறது. எந்த விரல் என்று தெரிந்தால், அதில் ஓடும் இரண்டு மூன்று நம்பர்களை வைத்தே வேலையை முடிக்கலாம்.

காலி வீதிதான் தமிழ்ச் சனங்கள் அதிகம் பாவிப்பது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாம் இதில் வரிசையாக வரும். 100 பாணந்துறைக்கும் 101 மொரட்டுவைக்கும் புறக்கோட்டையிலிருந்து ஓடுகின்றன. 102 மொரட்டுவையிலிருந்து வந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும். வெள்ளவத்தையில் தங்கி நின்று கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டியவர்கள் இந்த 102ஐ நினைவில் வைத்தால் புறக்கோட்டையில் மாறும் தொல்லை இல்லை.

ஹைலெவல் வீதிக்கு 138. கிருலப்பனை, நுகேகொடை, மகரகமை எல்லாம் இதில். புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருபவர்களுக்கு மகரகமைதான் இறங்கும் ஊர்.

பத்தரமுல்லைப் பக்கத்துக்குப் பொரளை, ராஜகிரிய வழியாக 171, 190 போன்றவை போகும். 177 கொள்ளுப்பிட்டியில் தொடங்கி ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே தாண்டிக் கடுவலை வரை போகும். 177 புறக்கோட்டைக்கு வராது. அங்கே நின்று அதைத் தேடாதீர்கள்.

வடக்கே பேலியகொடையில் பிரிவது இரண்டு: கண்டி வீதி, நீர்கொழும்பு வீதி. வத்தளை, ஜாஎல எல்லாம் நீர்கொழும்பு வீதியில். நீர்கொழும்பு பஸ்ஸின் நம்பர் 240. விமான நிலையத்துக்கு 187.

விரல்களைக் குறுக்கே இணைக்கும் நம்பர்கள் சிலவும் உண்டு. இவை தெரிந்தால் புறக்கோட்டைக்குப் போய்த் திரும்பி வரும் வீண் அலைச்சல் மிச்சம். 154 அங்குலானையிலிருந்து காலி வீதியால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வந்து, பொரளை வழியாகக் கிரிபத்கொடைக்குப் போகும். 176 தெஹிவளைப் பக்கம் கரகம்பிட்டியவில் தொடங்கி நுகேகொடை, ராஜகிரிய, பொரளை வழியாகக் கொட்டாஞ்சேனையை அடுத்த ஹெட்டியாவத்தைக்குப் போகும்.

நம்பருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு இன்னொரு எண் இருந்தால், அந்த பஸ் பெரும்பாலும் அதே வழியில் பாதித் தூரம் போய் வேறு பக்கம் திரும்பும். கிட்டப் போகிறவர்களுக்கு இதனால் பிரச்சினை இல்லை. கடைசி வரை போகிறவர்கள் நம்பரோடு கடைசி ஊரின் பெயரையும் பார்க்க வேண்டும்.

4. பலகையை வாசியுங்கள், பிறகும் கேளுங்கள்

பஸ்ஸின் முன் கண்ணாடியில் நம்பரும் இரண்டு முனை ஊர்களின் பெயரும் இருக்கும். தமிழ் எழுத்து சில பஸ்களில் சின்னதாக இருக்கும். நம்பர்தான் தூரத்திலிருந்து தெரியும். கடைசி ஊரின் பெயரைக் கிட்ட வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களை அதிகம் அலைய வைப்பது கோட்டை, கோட்டே குழப்பம். ரயில் நிலையம் இருக்கும் கோட்டையைச் சிங்களத்தில் "கொட்டுவ" என்பார்கள். "கோட்டே" என்பது பாராளுமன்றப் பக்கம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. இரண்டுக்கும் இடையில் பல கிலோமீட்டர். ரயில் பிடிக்கப் போகிறவர் நடத்துனரிடம் "கோட்டை" என்று தமிழில் சொன்னால், அவர் காதில் அது கோட்டே என்று விழலாம். "கொட்டுவ ஸ்டேஷன்" என்று சொல்லுங்கள், பிழை வர வழியில்லை. புறக்கோட்டைக்கு "பிட்டகொட்டுவ". கொம்பனித்தெருவுக்கு "கொம்பஞ்ஞ வீதிய".

ஏறுமுன் ஒரு தடவை கேளுங்கள்: "பத்தரமுல்ல யனவத?" அதாவது, போகுமா? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓடும் நடத்துனர்கள் பலருக்குத் தமிழ் விளங்கும். விளங்காவிட்டாலும் ஊரின் பெயரும் இந்த ஒரு சொல்லும் போதும்.

5. எங்கே நிற்பது

கொழும்புக்குள் ஒருவழி வீதிகள் நிறைய. அதனால் போன பஸ் போன வழியாலேயே திரும்பி வரும் என்று நம்பாதீர்கள். காலையில் இறங்கிய ஹோல்ட்டுக்கு எதிரே போய் நின்றால் சில இடங்களில் பஸ்ஸே வராது. இறங்கும்போதே பக்கத்துக் கடையில் "திரும்பிப் போக எங்கே ஏற வேண்டும்?" என்று கேட்டு வைத்தால் மாலையில் தேடத் தேவையில்லை.

புறக்கோட்டையில் ஒரே நிலையம் என்று நினைக்காதீர்கள். ஒல்கொட் மாவத்தையில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) மத்திய பஸ் நிலையம், கொஞ்சம் தள்ளி பெஸ்டியன் மாவத்தை தனியார் நிலையம், இன்னொரு பக்கம் குணசிங்கபுர. தூர இடங்களுக்குப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்துக்கு 87, திருகோணமலைக்கு 49 என்று நம்பர் தெரிந்திருந்தாலும், இ.போ.ச.வின் சிவப்பு பஸ் ஓரிடத்தில் நிற்கும், தனியார் பஸ் வேறோரிடத்தில் நிற்கும். திருத்த வேலைகள் நடக்கும் காலத்தில் இந்த இடங்களும் மாறும்.

வழி கேட்க வேண்டியது பஸ்களின் நேரத்தைப் பதியும் டைம் கீப்பரிடம். சின்னப் பெட்டிக்கடை போன்ற அறையில் பதிவுப் புத்தகத்தோடு இருப்பார். பையைப் பிடித்து இழுத்து "வாங்கோ வாங்கோ" என்பவருக்கு அந்த ஒரு பஸ்ஸை நிரப்புவதுதான் வேலை. அவர் சொல்லும் பஸ் உங்களுக்கு ஏற்ற பஸ்ஸாக இருக்க வேண்டும் என்றில்லை.

6. ஏறுவது, காசு கொடுப்பது, இறங்குவது

கையைத் தெளிவாக நீட்டுங்கள். பஸ் முழுதாக நிற்பது சில வினாடிகள்தான். பை முதுகில் இருந்தால் ஏறுமுன் முன்பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். நெரிசலில் பின்னால் இருக்கும் சிப்பை யாரும் திறக்கலாம், உங்களுக்குத் தெரியாது.

சாரதிக்குப் பின்னால் இருக்கும் முன் ஆசனம் மதகுருமாருக்கு ஒதுக்கியது. பஸ் வெறுமையாக இருந்தாலும் அதை விட்டு உட்காருங்கள். ஒரு பிக்கு ஏறியதும் எழும்ப வேண்டி வரும், அப்போது வேறு இடம் இருக்காது.

நடத்துனர் வரும்போது இறங்கும் இடத்தைச் சொல்லிக் காசைக் கொடுத்து டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு என்பதற்கு "கீயத?" மிச்சம் உடனே தராவிட்டால் பொறுத்திருந்து, அடுத்த முறை பக்கத்தில் வரும்போது "இத்துரு சல்லி" என்று கேளுங்கள். நடத்துனர் வேண்டுமென்று வைத்துக்கொள்வதில்லை, பலரிடம் காசு வாங்கிவிட்டுப் பிறகு ஒன்றாக மிச்சம் கொடுப்பது அவர்கள் பழக்கம். ஆனால் இறங்கும்போது கேட்டால் நேரம் இராது, ஒரு ஹோல்ட்டுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பஸ் மாறினால் புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு டிக்கெட் ஒரு பஸ்ஸுக்குத்தான்.

ஏ.சி. பஸ்ஸில் கட்டணம் கூட. ஏறிய பிறகு சண்டை பிடிப்பதில் பயனில்லை, கண்ணாடி எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள்.

இறங்குவதற்கு முந்திய ஹோல்ட் தாண்டியதும் இருக்கையை விட்டு எழும்பிக் கதவுப் பக்கம் நகருங்கள். மணியை அடியுங்கள், அல்லது "பஹினவா" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பஸ் நின்ற பிறகு எழும்பினால், நீங்கள் கதவுக்கு வருமுன் அது புறப்பட்டுவிடும். எந்த இடத்தில் வருகிறீர்கள் என்று தெரியாவிட்டால் மேப்பைத் திறந்து நீலப் புள்ளி நகர்வதைப் பாருங்கள்.

படியில் கால் வைக்குமுன் இடது பக்கம், பின்னால் பாருங்கள். பஸ் நடைபாதையை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால், அந்த இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிள் வேகமாக வரும். வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது நீங்கள் முதலில் இறங்கி, அந்த இடைவெளியை மறித்து நின்றுகொண்டு அவர்களை இறக்குங்கள். இதை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

7. ரயில் எப்போது நல்லது

காலி வீதிப் பக்கம் போகிறவர்களுக்குக் கரையோர ரயில் பெரிய உதவி. கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலோரமாகப் போகும். மாலையில் காலி வீதி இறுகிக் கிடக்கும்போது ரயிலுக்கு அந்த நெரிசல் இல்லை. நிலையங்கள் கடல் பக்கம் இருப்பதால் காலி வீதியிலிருந்து இறங்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கெட்டை முதலில் எடுங்கள். கோட்டையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு ஜன்னல், வரிசையில் நிற்குமுன் மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள். இறங்கிய நிலையத்தின் வாசலில் டிக்கெட்டைக் கேட்பார்கள். அதுவரை எறியாதீர்கள், இல்லாவிட்டால் தண்டம்.

அடிக்கடி நடக்கும் பிழை கடுகதி ரயிலில் ஏறுவது. காலி, மாத்தறைக் கடுகதிகள் நடுவில் பல நிலையங்களில் நிற்காது. "வெள்ளவத்த நவத்தனவத?" என்று கேட்டு, நிற்கும் என்றால் மட்டும் ஏறுங்கள்.

மாலையில் இருக்கை வேண்டுமென்றால் மருதானைக்குப் போய் ஏறுங்கள். கரையோர ரயில்கள் பல அங்கிருந்து புறப்பட்டுத்தான் கோட்டைக்கு வரும். கோட்டைக்கு வரும்போது ஆட்கள் நிறைந்துவிடுவார்கள்.

நுகேகொடை, மகரகமைக்குக் களனிவெளிப் பாதையிலும் ரயில் உண்டு. ஒற்றைப் பாதை, ரயில்கள் குறைவு. நேரம் தெரியாமல் போய்க் காத்திருக்காதீர்கள். ரயில் நேரங்களுக்கு 1919 அரச தகவல் நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

8. ஓர் உதாரணம்: வெள்ளவத்தையிலிருந்து பாஸ்போர்ட் கந்தோருக்கு

இடம் சுஹுருபாய. சந்தி பத்தரமுல்லை. வீதி ராஜகிரிய, பத்தரமுல்லை வழி. அந்த வழியில் வெள்ளவத்தைக்குக் கிட்டத் தொடங்கும் நம்பர் 177, கொள்ளுப்பிட்டியில்.

ஆகவே வெள்ளவத்தையில் கோட்டைப் பக்கம் போகும் ரயிலிலோ காலி வீதி பஸ்ஸிலோ ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்குங்கள். 177 தொடங்கும் இடத்துக்கு நடந்து போய் அங்கேயே ஏறுங்கள். தொடங்கும் இடம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். நடுவழியில் ஏறினால் ராஜகிரிய நெரிசல் முழுவதும் நின்றுகொண்டுதான். பத்தரமுல்லைச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து சுஹுருபாய இருக்கும் ஸ்ரீ சுபூதிபுர வீதிக்கு நடக்கலாம், கோப்புகளும் குழந்தையும் இருந்தால் ஆட்டோ.

பலர் செய்வது வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து பத்தரமுல்லை பஸ் எடுப்பது. போய்ச் சேரலாம்தான். ஆனால் நகரின் நெரிசலான பகுதிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், காலையில் அது வீண் நேரம்.

9. நேரம்

காலை 7 மணியிலிருந்து 9 வரையும், மாலை நாலரையிலிருந்து 7 வரையும் கந்தோர் நெரிசல். இது எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து வருபவர்கள் எதிர்பார்க்காதது பகல் ஒன்றரை மணி. பாடசாலைகள் விடும் நேரம் அது, கறுவாத்தோட்டம், பம்பலப்பிட்டிப் பக்கம் வான்களால் வீதி அடைபடும். மதியத்துக்குப் பிறகு வைத்தியரைப் பார்க்க நேரம் எடுத்திருந்தால் ஒரு மணிக்கு முன்பே அந்தப் பகுதிக்குள் போய்விடுங்கள்.

இரவு எட்டு, எட்டரைக்குப் பிறகு பஸ் குறையும், ஞாயிறும் அப்படித்தான். வேலைநாளில் ஓடும் கந்தோர் ரயில்கள் சனி, ஞாயிறில் ஓடாமல் விடலாம்.

10. ஆட்டோவை எங்கே பாவிப்பது

பஸ் விட்ட சந்தியிலிருந்து வாசல் வரை. முழுத் தூரத்துக்கும் ஆட்டோ எடுத்தால் நெரிசலில் பஸ்ஸை விடப் பெரிதாக முந்தப் போவதில்லை, செலவோ பல மடங்கு. பிக்மீ, ஊபர் ஆப்களில் அழைத்தால் காசு முன்பே தெரியும். வீதியில் மறித்தால் மீற்றர் போடச் சொல்லுங்கள், மீற்றர் இல்லையென்றால் ஏறுமுன் விலை பேசுங்கள். விடியற்காலையில் பெட்டிகளோடு வந்து இறங்கும்போது மட்டும் யோசிக்காமல் ஆட்டோ எடுங்கள்.

11. பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டால்

பதறி நடுவீதியில் குதிக்காதீர்கள். நடத்துனரிடம் போக வேண்டிய ஊரைச் சொல்லுங்கள், எந்தச் சந்தியில் இறங்கி எதில் மாறலாம் என்று பெரும்பாலும் அவரே சொல்வார். பெரிய சந்தி வரும்வரை இருங்கள். சின்ன ஹோல்ட்டில் இறங்கினால் அடுத்த பஸ் நிற்காமல் போகலாம், கேட்க ஆளும் இருக்காது. பொரளை, நுகேகொடை, கொள்ளுப்பிட்டி, தெஹிவளை போன்ற இடங்கள் என்றால் எந்தப் பக்கத்துக்கும் பஸ் எடுக்கலாம்.

பஸ்ஸில் யாராவது தொல்லை கொடுத்தால் சத்தம் போடுங்கள், நடத்துனரைக் கூப்பிடுங்கள். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மாகாணங்களுக்கு இடையே ஓடும் தனியார் பஸ் பற்றி முறையிட 1955. முறையிடும்போது பஸ்ஸின் பதிவு இலக்கத்தைக் கேட்பார்கள். இறங்கியதும் பஸ் நகருமுன் பின்பக்கத் தகட்டை ஃபோனில் ஒரு படம் எடுத்து, டிக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள்.